டை அடித்தவர்களின் கதை

தலைக்கு டை அடித்தவரைக் கிண்டல் செய்வது ஏதோ நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகம் முழுக்க இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் விளையாட்டு அது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹேட்ரியனிடம் தலை நரைத்த ஒருவர் வந்து ஏதோ சலுகை கேட்டாராம். சக்கரவர்த்தி கையை விரித்துவிட்டார். சில நாள் கழித்து அதே ஆசாமி தலைக்குக் கறுப்பைப் பூசிக்கொண்டு வந்து அதே சலுகையைக் கேட்டார். "இதை உங்கள் அப்பாவுக்கே இல்லையென்று சொல்லிவிட்டேனே" என்றாராம் ஹேட்ரியன்.

அதற்கும் முன்னால், மகா அலெக்சாண்டரின் தகப்பனார் பிலிப், சிபாரிசின் பேரில் ஒருவரை நீதிபதியாக நியமித்தார். அவர் தலைக்கும் தாடிக்கும் சாயம் பூசுகிறவர் என்று பிறகு தெரிந்தது. உடனே பதவியைப் பறித்துவிட்டார். தலைமுடி விஷயத்திலேயே உண்மையாக இல்லாதவன் வழக்கில் எப்படி உண்மையாக இருப்பான் என்பது அவர் கட்சி. புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு நம் கரிகாலன்தான் நினைவுக்கு வந்தான். இரண்டு முதியவர்கள் வழக்கோடு வருகிறார்கள். அரியணையில் இருப்பவன் சிறு பிள்ளை. இவன் என்ன நியாயம் சொல்லப்போகிறான் என்று தயங்குகிறார்கள். கரிகாலன் உள்ளே போய் நரைமுடி தரித்து, கிழவர் வேடத்தில் வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான். அங்கே நரையை மறைத்ததற்காக நீதிபதிக்கு வேலை போனது. இங்கே நரை இல்லாத அரசன் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரிகாலன் செய்ததும் ஒரு வகையில் பொய்த்தலைதானே என்று பிலிப்பைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

பழைய காலத்தில் நரைக்கு மரியாதை இருந்தது என்பதற்காக அது சந்தோஷமாக வரவேற்கப்பட்டது என்று சொல்ல முடியாது. கம்பர் தசரதனின் காதோரத்தில் ஒரே ஒரு வெள்ளை முடியைக் காட்டுகிறார். நாட்டை மகனிடம் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போகும் வயதாகிவிட்டது என்று காதில் வந்து சொல்வதுபோல் அது வந்ததாம். காளிதாசனும் இதே காதோரத்து நரையை வைத்திருக்கிறார். நரை என்றால் 'போதும், எழுந்திரு' என்கிற ஓலை. ஆனால் அந்த ஓலையை தசரதன் தானே கண்டான், தானே முடிவெடுத்தான், யாருக்குக் கொடுப்பது என்பதையும் தானே சொன்னான் (அப்புறம் கைகேயி செய்தது வேறு கதை). ஓலை வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பிசிராந்தையாரை விட்டுவிட்டுப் போனால் தமிழ் வாத்தியார்கள் கோபிப்பார்கள். வயது இவ்வளவு ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. நல்ல மனைவி, அறிவுள்ள மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர்கள், அல்லது செய்யாத அரசன், ஊரில் நிறையச் சான்றோர்கள். அதாவது, கவலையில்லை, அதனால் நரையில்லை. மருத்துவர்கள் இதை முழுதும் ஒப்பமாட்டார்கள். முடியின் வேரில் நிறம் தரும் உயிரணுக்கள் தீர்ந்துபோவதால் நரை வருகிறது, அது எப்போது என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியலில் வீட்டுக்குள் இருப்பவர்களோடு அரசனையும் ஊராரையும் சேர்த்திருக்கிறாரே, அதை நான் ரசிப்பேன்.

சாயம் பூசியவர்கள் எல்லோரையும் கிண்டல் செய்துவிட முடியாது என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஜப்பானியக் கிழவர். சைத்தோ சனெமோரி என்று பெயர். 12ஆம் நூற்றாண்டுக்காரர். ஜப்பானில் தைரா, மினமோட்டோ என்ற இரண்டு குலங்களுக்குள் நடந்த பெரும் போரைப் பற்றி 'ஹெய்கே கதை' என்று ஒரு காவியம் உண்டு. நமக்குப் பாரதம் எப்படியோ அவர்களுக்கு அது. அதில் வருகிறார்.

1183ஆம் வருடம். ஷினொஹாரா என்ற இடத்தில் தைரா படை தோற்று ஓடுகிறது. ஒரே ஒரு வீரர் மட்டும் திரும்பி நின்று சண்டை போடுகிறார். சிவப்புப் பட்டுச் சரிகை உடை, அது தளபதிகள் உடுத்துவது. ஆனால் கூடப் படை கிடையாது. பெயர் கேட்டால் சொல்ல மறுக்கிறார். தெசுகா மித்சுமோரி என்பவர் அவரோடு பொருதித் தலையை வெட்டி, எதிர்ப்படையின் தலைவன் கிசோ யோஷினகாவிடம் கொண்டுபோகிறார். "விநோதமான ஆளைக் கொன்றிருக்கிறேன். தளபதி மாதிரியும் இருக்கிறார், சாதாரண வீரன் மாதிரியும் இருக்கிறார்" என்கிறார்.

யோஷினகாவுக்குச் சந்தேகம் வருகிறது. முகம் சனெமோரி மாதிரி இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் தான் பார்த்தபோதே அவருக்கு நரை கண்டிருந்தது. இப்போது எழுபதைத் தாண்டியிருக்க வேண்டும். இந்தத் தலையோ கறுகறுவென்று இருக்கிறது. சனெமோரியோடு பழகிய ஹிகுச்சி என்பவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பார்த்த உடனே அழுதுவிடுகிறார். சனெமோரி முன்பே அவரிடம் சொல்லியிருந்தாராம்: அறுபதுக்கு மேல் போருக்குப் போனால் தலையைக் கறுப்பாக்கிக்கொண்டுதான் போவேன். வெள்ளைத் தலையோடு இளைஞர்களுக்கு முன்னால் முந்திக்கொண்டு ஓடினால் கிழவனுக்கு என்ன ஆசை என்று சிரிப்பார்கள், பின்னால் நின்றால் வயதானவன்தானே என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். தலையைத் தண்ணீரில் கழுவிப் பார்க்கிறார்கள். சாயம் கரைந்து வெள்ளையாகிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. யோஷினகா இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது அவன் தகப்பனைக் கொன்றுவிட்டார்கள், குழந்தையையும் கொல்ல உத்தரவு. அந்தக் குழந்தையைக் கொல்லாமல் கிசோ மலைநாட்டுக்கு அனுப்பிக் காப்பாற்றியவர் இந்த சனெமோரிதான். பெயரைச் சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருப்பார். தலையைக் கறுப்பாக்காமல் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார், கிழவர் என்று விட்டிருப்பார்கள். இரண்டும் அவருக்கு வேண்டாம். கோமாட்சு என்ற ஊரில் ஒரு கோவிலில் அவருடைய தலைக்கவசம் என்று ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். பாஷோ என்ற பெரும் கவிஞர் 1689இல் அங்கே போய் அதைப் பார்த்து ஒரு ஹைக்கூ எழுதினார்.

அழகுக்காக அல்ல, இளைஞனாகத் தெரிவதற்காகக்கூட அல்ல, தன்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக ஒருவர் சாயம் பூசினார். அவர் தேர்ந்துகொண்டது சாவு. அடுத்து வருகிறவர்கள் தேடியது சோறு.

அதற்கு முன் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். மருதாணி மிகப் பழையது. கிட்டத்தட்ட தொண்ணூறு வயது வாழ்ந்த எகிப்து அரசர் இரண்டாம் ராம்செஸின் சடலத்தை 1976இல் பாரிசுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தபோது தலையில் மருதாணிச் சாயம் இருந்தது தெரிந்தது. ரோமானியர்களின் செய்முறையைப் பிளினி எழுதியிருக்கிறார். அட்டைகளை வினிகரில் போட்டு, ஈயப் பாத்திரத்தில் அறுபது நாள் அழுகவிட்டுத் தலையில் பூச வேண்டும். பூசும்போது வாயில் எண்ணெயை நிறைத்து வைத்துக்கொள்ளாவிட்டால் பல்லும் கறுத்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை வேறு. அட்டையால் பயன் உண்டோ இல்லையோ, ஈயத்தால் உண்டு. ஈயமும் சுண்ணாம்பும் கலந்து பூசினால், முடியில் இயற்கையாக உள்ள கந்தகத்தோடு ஈயம் சேர்ந்து, கறுப்பான மிக நுண்ணிய துகள்களாக முடிக்குள்ளேயே படிகிறது. 2006இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இந்தப் பழைய முறையைச் செய்து பார்த்து நுண்ணோக்கியில் காட்டினார்கள். ஈயம் விஷம் என்பது ஊரறிந்தது. ஆனால் ஈயம் கலந்த ஹேர் டைக்கு அமெரிக்கா கொடுத்திருந்த அனுமதியை ரத்துசெய்ய முடிவெடுத்தது 2018இல்தான்!

இன்று கடையில் விற்கும் கறுப்பு டையின் பூர்வீகம் நிலக்கரித் தார். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து மலேரியா மருந்து செய்யப்போய், ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அந்த வழியில் அடுத்தடுத்து வந்தவற்றில் ஒன்று பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாக பி.பி.டி. அது நிறமில்லாத பொருள். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்துத் தடவினால் முடிக்குள் நுழைந்து அங்கேயே கறுப்பாக மாறிவிடும். தண்ணீரில் கழுவினால் போகாது. சனெமோரிக்கு இது கிடைத்திருந்தால் யோஷினகா கடைசிவரை சந்தேகத்தோடேயே இருந்திருப்பான். 1907இல் பாரிசில் யூஜின் ஷுல்லர் என்ற இளம் வேதியியலாளர் இரவில் வீட்டில் டை கலப்பதும், பகலில் முடிதிருத்தகங்களில் ஏறி இறங்கி விற்பதுமாகத் தொடங்கினார். 1909இல் கம்பெனிக்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'தீங்கில்லாத முடிச்சாயங்களின் பிரெஞ்சுக் கம்பெனி'. அதுதான் பிறகு லோரியால் ஆனது. தீங்கில்லாத என்ற வார்த்தையைப் பெயரிலேயே போட வேண்டியிருந்தது என்றால் மற்ற டைகளின் லட்சணம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சாயம் தயாரானது. அதற்குத் தேவையை உண்டாக்கியது தொழிற்சாலை என்பது என் அபிப்பிராயம்.

1905 பிப்ரவரி 22. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் என்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவருக்குப் பிரிவுபசாரம். அவர் பேசும்போது, உலகத்தின் முக்கியமான சாதனைகள் எல்லாம் நாற்பதுக்குள் செய்யப்பட்டவை, நாற்பதுக்கு மேற்பட்டவர்களால் ஒப்பீட்டளவில் பயன் குறைவு, அறுபதுக்கு மேல் பயனே இல்லை என்றார். ஒரு நாவலைக் குறிப்பிட்டு, அறுபது வயதானவர்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கும் யோசனையை விளையாட்டாகச் சொன்னார். மறுநாள் பத்திரிகைகள் 'அறுபதில் குளோரோஃபார்ம்: ஆஸ்லர் சிபாரிசு' என்ற பாணியில் எழுதித் தள்ளிவிட்டன. அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிப் பேசினார்கள். இதில் வேடிக்கை, பேசியவருக்கு அப்போது வயது 55. ஆக்ஸ்ஃபோர்டில் புதிய பெரிய பதவிக்குப் போய்க்கொண்டிருந்தார்!

விளையாட்டாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, தொழிற்சாலைகளில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. டெட்ராயிட்டின் கார் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கன்வேயர் பெல்ட் ஓடும் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். பழைய காலத்துத் தச்சருக்கும் கொல்லருக்கும் வயது ஏற ஏறக் கைப்பக்குவம் ஏறும். அதனால் மதிப்பும் ஏறும். பெல்ட்டில் ஒரே திருகை நாள் முழுக்கத் திருகுகிறவனுக்கு அனுபவத்தால் என்ன லாபம்? மூன்றே நாளில் ஒரு இளைஞன் கற்றுக்கொண்டுவிடுவான். அத்தோடு, ஒவ்வொரு வருடமும் புது மாடலுக்காக ஆலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். திறக்கும்போது யாரைத் திரும்ப எடுப்பது என்பது ஃபோர்மன் கையில். வாசலில் நிற்கும் கூட்டத்தை அவர் ஒரு பார்வை பார்ப்பார். பிறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார். தலையைத்தான் பார்ப்பார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் ஷூ பாலிஷைத் தலையில் தடவிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றதாக அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தலைக்கான டை வாங்கக் காசில்லை. வேர்வையில் பாலிஷ் வழிந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

1936 டிசம்பர் 30ஆம் தேதி, மிச்சிகனில் ஃபிளின்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாள். வெளியே கடுங்குளிர். 1937 பிப்ரவரி 11இல் கம்பெனி இறங்கி வந்து சங்கத்தை அங்கீகரித்தது. இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூலியையும் பெல்ட் வேகத்தையும் சொல்வார்கள். கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது, பணிமூப்பு. ஆட்குறைப்பிலும் திரும்ப எடுப்பதிலும் எத்தனை வருட சர்வீஸ் என்பதைத்தான் பார்க்க வேண்டும், ஃபோர்மனின் கண்ணை அல்ல. நம் ஆபீஸ்களில் சீனியாரிட்டி, சீனியாரிட்டி என்று சண்டை போட்டிருக்கிறோமே, அதைச் சோம்பேறிகளின் கவசம் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால், தலையில் பாலிஷ் தடவ வேண்டிய அவசியத்தை ஒழிக்கப் பிறந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வர மேலும் முப்பது வருடம் ஆனது, 1967இல்.

இதற்கிடையே பி.பி.டி. தன் வேலையைக் காட்டியது. 1933இல் 'லாஷ் லூர்' என்ற பெயரில் புருவத்துக்கும் இமைக்கும் போடும் சாயம் அங்கே விற்பனைக்கு வந்தது. போட்டுக்கொண்ட ஒரு பெண்மணிக்குக் கண் வெந்து பார்வையே போய்விட்டது. சாயம் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அவருடைய படங்களை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்காட்சியில் வைத்தார்கள். இத்தகைய கோரங்களின் விளைவாக 1938இல் அழகுசாதனப் பொருட்களுக்கும் சேர்த்துப் புதிய சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு சரக்குக்கு விலக்குக் கொடுத்தார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தாரிலிருந்து செய்யப்படும் தலைமுடிச் சாயத்துக்கு! இமைக்கும் புருவத்துக்கும் கூடாது, தலைக்குப் போடலாம், ஆனால் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும், முதலில் தோலில் கொஞ்சம் தடவிச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இன்று நம் ஊர் டை பாக்கெட்டில் பொடி எழுத்தில் '48 மணி நேரத்துக்கு முன் சோதித்துப் பார்க்கவும்' என்று இருப்பதும் அதே யோசனைதான். எனக்குத் தெரிந்து யாரும் சோதித்ததில்லை. காலையில் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் ராத்திரி வாங்கிவந்து அடிப்பார்கள். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் பெரும்பாலும் இந்த பி.பி.டி. கலந்திருக்கும், மருதாணி தானாகக் கறுக்காது. முன்பு எத்தனை தடவை ஒத்துக்கொண்டிருந்தாலும் ஒரு நாள் திடீரென்று ஒவ்வாமல் போகலாம். அடிப்பவர்கள் அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பெண்கள் கதை வேறு. அமெரிக்காவில் 1950 வாக்கில் தலைக்குச் சாயம் போடும் பெண் என்றால் ஒரு மாதிரிப் பேசுவார்கள், நடிகைகளும் 'அப்படிப்பட்டவர்களும்' செய்வது என்று. 1956இல் கிளெய்ரால் கம்பெனி வீட்டிலேயே ஒரே தடவையில் போட்டுக்கொள்ளும் டையை இறக்கியது. விளம்பரம் எழுதியவர் ஷெர்லி பாலிகாஃப். வருங்கால மாமியார் முதன்முதலாக இவரைப் பார்த்துவிட்டு, "இவள் தலைக்குச் சாயம் பூசுகிறாளா, இல்லையா?" என்று மகனிடம் தங்கள் யிட்டிஷ் பாஷையில் விசாரித்தாராம் (உலகத்து மாமியார்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம்). அந்தக் கேள்வியையே இருபது வருடம் கழித்து விளம்பர வாசகமாக்கினார். அவள் சாயம் போட்டிருக்கிறாளா இல்லையா, அவளுடைய முடியலங்காரக்காரருக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும் என்று. படத்தில் பெரும்பாலும் ஒரு தாய், பக்கத்தில் குழந்தை, குடும்பப் பெண் என்பதற்கு அத்தாட்சியாக. 'லைஃப்' பத்திரிகை முதலில் இரட்டை அர்த்தம் என்று விளம்பரத்தை மறுத்தது. பிறகு போட்டது. ஒரு தலைமுறைக்குள் நிலைமை தலைகீழ். முன்பு சாயம் போட்டவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது போடாதவள் ஏன் போடவில்லை என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் பக்கம், அரசு உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதி எழுதியாகிவிட்டது. தலை எந்த நிறத்தில் இருந்தாலும் அந்தத் தேதிதான் பேசும். தமிழ்நாட்டில் 58ஆக இருந்ததை 2020இல் 59 ஆக்கினார்கள், 2021இல் 60 ஆக்கினார்கள். இதற்காக யாரும் டை அடிக்கவில்லை. அடித்தவர்கள் சொந்த ஆசைக்கு அடித்தார்கள். அந்த ரிஜிஸ்டர் இல்லாத தனியார் வேலைகளில், நாற்பத்தைந்தைத் தாண்டி இன்டர்வியூவுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். முதல் நாள் மாலை சலூனில்தான் இருக்கிறார்கள். 'மங்காத்தா'வில் (2011) அஜித் நரைத்த தலையோடு வந்தபோது இளைஞர்கள் 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று கொண்டாடினார்கள். சந்தோஷம். ஆனால் கதாநாயகனுக்கு அழகு என்பதை இன்டர்வியூ எடுப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே. அந்தப் படத்திலும் கதாநாயகிக்கு நரை கிடையாது.

கடைசியாக ஒரு சமீபத்திய கேஸ். லிசா லாஃபிளாம் கனடாவின் சி.டி.வி.யில் 35 வருடம் வேலை பார்த்தவர், நாட்டின் முக்கியமான இரவுச் செய்தியை வாசித்தவர். 2020 கொரோனா காலத்தில் அழகு நிலையங்கள் மூடியிருந்தபோது டை போடுவதை விட்டுவிட்டார். வெள்ளி முடியோடு செய்தி வாசித்தார். நேயர்கள் நிறையப் பேர் பாராட்டினார்கள். 2022 ஆகஸ்டில், 58 வயதில், நிறுவனம் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக அவரே ஒரு வீடியோவில் அறிவித்தார். தலையை நரைக்கவிட அனுமதித்தது யார் என்று மேலதிகாரி ஒருவர் கேட்டதாக ஒரு கனடிய நாளிதழ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது, இது வியாபார முடிவு, வயதுக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை என்றது. நாடு முழுக்கப் பெரிய கூச்சல். வென்டீஸ் என்ற உணவகத்தின் சின்னத்தில் இரட்டைச் சடை போட்ட செம்பட்டை முடிச் சிறுமி ஒருத்தி உண்டு. கனடாவில் அந்த உணவகத்தின் ட்விட்டர் பக்கத்தில் அவளுக்கும் அப்போது தலையை நரைக்க வைத்துவிட்டார்கள்.